உள்பக்கத் தாழ்ப்பாள்

குளத்தூர்
3 மார்ச் 2025

துஷி,

உன் ஃபோன் அணைந்தே கிடக்கிறது. பாறசாலையில் லேகா அக்காவின் தையல் கடைக்குப் போய்க் கேட்டேன். நீ வேலைக்கு வருவதே இல்லை என்றார். முகாமில் இருந்தபடி தைக்கிற பெண்களுக்கு வெட்டிய துணி கொடுக்க அவர் அங்கே வந்து போகிறாராம். இந்தக் கடிதத்தைத் துணிக்கட்டுக்குள் வைத்து அனுப்புகிறேன். தபாலில் வருவதை முகாம் அலுவலகத்தில் பிரித்துப் பார்ப்பார்கள் என்று நீ முன்பு சொன்னது நினைவிருக்கிறது.

கோபத்தில் எழுதுகிறேன். ஆறிய பிறகு எழுதினால் நாகரிகமாக எழுதிவிடுவேன்.

அன்று இரவு எனக்கு ஃபோன் செய்து அழுதது நீ. முகாம் கக்கூஸில் கதவு இல்லாததால் பெண்களெல்லாம் சானல் கால்வாயைத் தாண்டி ரப்பர் தோட்டத்துப் பக்கம் போகிறீர்கள் என்று சொன்னது நீ. அங்கே குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் உன் தங்கை நிரோவின் கையைப் பிடித்து இழுத்தான், சுடிதாரின் கை கிழிந்துவிட்டது, அவள் ஒரு கல்லை எடுத்து அவன் முகத்தில் அடித்துவிட்டு ஓடி வந்தாள் என்று சொன்னதும் நீதான். இதில் நான் எதையும் சேர்க்கவில்லை.

மறுநாளே எங்கள் பக்கத்துக் கேரள போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தேன். வழக்கமாக என்னைப் பைக்கில் கொண்டுவிடும் ஜித்தின், என் சித்தப்பா மகன், கிறிஸ்துமஸுக்கு எங்கள் சபை இளைஞர்களோடு உங்கள் முகாமுக்குக் கேக் கொண்டுவந்தானே அவன், பைக்கிலிருந்து விழுந்து நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு படுத்திருந்தான். பஸ்ஸில் தனியாகப் போனேன். நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிறவள் நான். காலேஜில் மூன்று வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உனக்கு அது தெரியும்.

பிறகு இரண்டு மாநிலப் போலீஸும் உங்கள் முகாம் வாசலுக்கு வந்து விசாரித்தபோது என்னையும் கூட்டிப்போனார்கள். நீயும் உன் அப்பாவும் வெளியே வந்தீர்கள். என் முகத்தைப் பார்க்காமல், "ஒண்ணும் நடக்கல்ல சார். தங்கச்சி தடுக்கி விழுந்திட்டா" என்றாய். திரும்பி உள்ளே போய்விட்டாய். ஜீப்பில் வரும்போது எங்கள் எஸ்.ஐ. சிரித்துக்கொண்டே, "மோளு ஒருபாடு நாவல் வாயிக்கும், அல்லே?" என்று கேட்டார். நிறைய நாவல் படிக்கிறவள் கதை கட்டிவிட்டாள் என்று அர்த்தம்.

ஏன் அப்படிச் சொன்னாய்? எனக்குப் பதில் வேண்டும்.

ஜிஜா


முகாம்
8 மார்ச்

ஜிஜா,

ஜீப்பில் ஒருவர் உன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அதுதான் உன் வருத்தம். சரி. இப்போது என்னுடையதைக் கேள்.

என் ஃபோன் அணைந்து கிடக்கவில்லை. விசாரித்த போலீஸ்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

உன் புகாரை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நல்ல மொழி, பிழையே இல்லை. 'இலங்கை அகதிகள் முகாமில் இருந்துகொண்டு பாறசாலையில் தையல் வேலை செய்யும் என் தோழி துஷ்யந்தியின் தங்கை நிரோஷினி, மாலை ஏழு மணியளவில், சானலின் மேற்குக் கரையில்.' இதை எழுதும்போது உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா? உங்களுக்கு எல்லை என்பது ரோட்டில் தாரின் நிறம் மாறுகிற இடம். மீன் வாங்க இந்தப் பக்கம் வருவீர்கள், கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் போவீர்கள். எங்களுக்கு அது அனுமதி இல்லாமல் தாண்டக்கூடாத இடம். ஆறு மணிக்குமேல் நாங்கள் முகாமுக்கு வெளியே எங்கேயும் இருக்கக்கூடாது. முகாம் தமிழ்நாடு, சானலின் மேற்குக் கரை கேரளா. ஏழு மணி இரவு. பாறசாலையில் வேலை. ஒரே வாக்கியத்தில் எங்கள் மேல் மூன்று குற்றம் எழுதிவிட்டாய்.

நான் பாறசாலையில் தைப்பது எல்லாருக்கும் தெரியும். முகாம் வாசலில் நிற்கும் போலீஸ்காரர் தன் பெண்ணின் பாவாடையைக்கூட என்னிடம்தான் கொடுத்தனுப்புவார். தெரியும், ஆனால் எங்கும் எழுதப்பட்டதில்லை. அந்த இடைவெளியில்தான் நாங்கள் பிழைக்கிறோம். அதை நீ மூடிவிட்டாய்.

நீ வாசலுக்கு வருவதற்கு முன்னால் உள்ளே விசாரணை எப்படி நடந்தது என்று சொல்கிறேன். முதல் கேள்வி: "பாறசாலைக்குப் போக உனக்கு யாரு பெர்மிஷன் தந்தா?" அடுத்தது: "ராத்திரி கேரளாவுல உங்களுக்கு என்ன சோலி?" அப்புறம் அப்பாவைப் பார்த்து, "இனி ஒரு கம்ப்ளெயின்ட் வந்துச்சின்னா இவள வேற ஜில்லா முகாமுக்கு மாத்திருவோம். நீரு இங்க, அவ அங்க. பாத்துக்கிடும்." நிரோவின் கையைப் பிடித்தவன் யார் என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை. அப்பா பெயின்ட் அடிக்கப் போகிற இடத்தில் ஏணி ஆடினாலும் பயப்படாதவர். அன்றைக்கு என் கையைப் பிடித்தவர் கடைசிவரை விடவே இல்லை. அதனால்தான் நிரோ தடுக்கி விழுந்தாள் என்று சொன்னேன். திரும்பக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இனி உன் புகாரினால் எங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு. பெண்களின் நன்மைக்காக ஆறு மணிக்கு முகாம் கேட்டைப் பூட்டுகிறார்கள். கக்கூஸ் கேட்டுக்கு வெளியே இருக்கிறது. நீ வந்திருக்கிறாய், பார்த்திருக்கிறாய். இத்தனை நாள் கதவில்லாத கக்கூஸ் இருந்தது. இப்போது ஆறு மணிக்குமேல் கக்கூஸே இல்லை.

மார்ச் மாத வெயில். தகரக் கூரை. நிரோ மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. உதடு வெடித்திருக்கிறது. காலேஜில் மயங்கி விழுந்தாள். உன் மொழியில் சொன்னால் இதையும் ஒரு நல்ல வாக்கியமாக எழுதலாம்.

பதில் கேட்டாய். தந்துவிட்டேன்.

துஷ்யந்தி


குளத்தூர்
11 மார்ச்

துஷி,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நான் எழுதிய வாக்கியத்தையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு உண்மையாகவே தோன்றவில்லை. சானல் கரையில் நான் ஆயிரம் தடவை நடந்திருக்கிறேன். தண்ணீர் வராத காய்ந்த சானல். எந்தக் கரை எந்த மாநிலம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய அவசியம் எனக்கு வந்ததில்லை என்பதுதான் விஷயம், இல்லையா?

ஆனால் ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். எழுதாமல் இருந்திருந்தால் அடுத்த வாரம் அவன் மறுபடியும் வந்திருப்பான். நீ சொல்லும் அந்த இடைவெளியில் அவனும்தான் பிழைக்கிறான்.

ஸ்டேஷனுக்குத் திரும்பப் போனேன். எழுத்தர் என் காகிதத்தைத் தள்ளிவிட்டார். "மக்கா, அது தமிழ்நாடு ஆக்கும். அவங்க கிட்ட போய்ச் சொல்லு." தமிழ்நாட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். "சானலுக்கு அங்கிட்டு கேரளா. அங்க கொடு." எந்த ஸ்டேஷனில் கொடுத்தாலும் பதிவு செய்தாக வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது என்றேன். "சட்டத்துல எல்லாம் உண்டு" என்றார் அவர். போன சனிக்கிழமை இரண்டு பக்கத்துப் போலீஸும் ரப்பர் தோட்டத்தில் எல்லைக்கல்லைத் தேடினார்கள். கடைசியில் அது ஒரு வீட்டுக் கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லாகக் கிடந்தது. எங்கிருந்து எடுத்தது என்று வீட்டுக்காரிக்குத் தெரியவில்லை. அவளைத் திட்டிவிட்டுப் போனார்கள். கல்லைத் தேடிய நேரத்தில் அந்த ஆளைத் தேடியிருக்கலாம்.

நான் சும்மா இருக்கவில்லை. சானல் கரையில் சோலார் விளக்கு, இரண்டு கேமரா, வாரம் இருமுறை பெண் போலீஸ் ரோந்து என்று ஒரு மனு தயாரித்திருக்கிறேன். உலகத்தில் வேறு வேறு முகாம்களில் என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். இந்த முறை யார் பெயரும் இல்லை. நீ பார்த்துச் சொன்னால் அனுப்புகிறேன்.

நிரோ அவனைப் பார்த்திருப்பாள். யார் என்று தெரியுமா? தெரிந்தால் பெயரைச் சொல்.

ஜிஜா


முகாம்
15 மார்ச்

ஜிஜா,

மனுவை அனுப்பாதே.

கேமரா ஏற்கெனவே வந்துவிட்டது. கேட் தூணில் மாட்டியிருக்கிறார்கள். முகம் எங்கள் வீட்டு வரிசையைப் பார்த்து இருக்கிறது. சானல் அதன் முதுகுக்குப் பின்னால். இப்போது நாங்கள் கோலப்பொடி எடுப்பதும் துணி காயப்போடுவதும் யாரோ ஒருவருக்குத் தெரியும். தாகத்தை மட்டும் அது பிடிக்காது.

ரோந்து என்கிறாய். வருகிறவர்கள் யாரைப் பார்த்து டார்ச் அடிப்பார்கள் என்று நினைக்கிறாய்? குடித்துக்கொண்டிருப்பவன் ஊர்க்காரன். வெளியே நிற்பவள் முகாம்காரி. டார்ச் அவள்மேல்தான் விழும். நீ படித்த புத்தகங்களை எழுதியவர்கள் யாரும் ஒரு கையில் வாளியோடும் மறு கையில் பாவாடையைத் திரையாகப் பிடித்துக்கொண்டும் நின்றதில்லை.

முகாம் பலகையில் 'அகதிகள்' என்பதை அழித்து 'மறுவாழ்வு' என்று எழுதினார்கள். இனிப்புக் கொடுத்தார்கள். நான் இங்கேயே பிறந்தவள், படகில் ஏறியதே இல்லை. எந்த வாழ்வுக்கு மறுவாழ்வு என்று கேட்க ஆசைப்பட்டேன். இனிப்பைத் தின்றுவிட்டு வந்தேன்.

எங்களுக்கு வேண்டியது என்ன என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். கக்கூஸுக்குக் கதவு. அந்தக் கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள். கேட்டுக்குப் பூட்டு வேண்டுமென்றால் இருக்கட்டும், சாவி எங்களில் ஒருத்தியின் கையில் இருக்க வேண்டும். ஒருவன் கையைப் பிடித்தான் என்று சொன்னால், நீ எங்கே நின்றாய் என்று கேட்பதற்கு முன்னால் அவன் யார் என்று கேட்க வேண்டும். இவ்வளவுதான். இதற்கு வெளிநாட்டு முகாம்களைப் படிக்க வேண்டாம்.

பெயர் கேட்டாய். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன்.

அவன் நிரோவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். "நிரோ, பயப்படாத, நான் தான்" என்றான். தெரிந்த குரல் என்பதால்தான் அவள் நின்றாள். தெரியாதவனாக இருந்திருந்தால் முன்பே ஓடியிருப்பாள். கிறிஸ்துமஸுக்கு அவள் தட்டில் கேக் வைத்தவன். பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொல்லி நெற்றியில் தையலோடு உன் சித்தப்பா வீட்டில் படுத்திருந்தவன்.

இப்போது என்ன செய்யப்போகிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை. உன் வீட்டு விஷயம்.

துஷ்யந்தி


குளத்தூர்
21 மார்ச்

துஷி,

லேகா அக்கா இரண்டு முறை வந்து, பதில் இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். எழுத முடியவில்லை.

முதலில் ஜித்தினைப் போய்ப் பார்த்தேன். முற்றத்தில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். நெற்றியில் தையல் பிரித்த தழும்பு. பைக்கைச் சுற்றி ஒரு தடவை நடந்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

"எங்கலே விழுந்த?"

"சொன்னேன்லா அக்கா, ஆரியங்கோடு வளைவுல."

"பைக்கு விழல்லியா? நீ மட்டும் விழுந்தியா?"

துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அப்புறம் சிரித்தான். "அக்கா, நீங்க அந்த கேம்ப்காரிய நம்புதியளா? அவளுவ சும்மா அந்தத் தோட்டத்துக்கு வருவாளுவளா?"

என்ன நடந்தது என்று அவன் கேட்கவில்லை பார். தோட்டம் என்ற சொல்லை நான் எடுக்கவே இல்லை. அந்தச் சிரிப்பை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். சீட்டு விளையாட்டில் ஏமாற்றிப் பிடிபட்டால் அப்படித்தான் சிரிப்பான். நான்தான் எப்போதும் விட்டுக்கொடுப்பேன்.

அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதபாடம் வாசிப்பவர். குரலை உயர்த்திப் பேச மாட்டார். அப்போதும் உயர்த்தவில்லை.

"மக்கா, அவன் நம்ம பய ஆக்கும். அடுத்த மாசம் கத்தாருக்குப் போறான். கேஸு கீஸுன்னு போனா விசா போச்சு."

"அந்தப் பொண்ணு தண்ணி குடிக்காம கிடக்கா அப்பா."

"அதுக்கு ஒரு நாலு கதவு சபையில இருந்து செய்து குடுப்போம். நான் பேசுதேன். பேர மட்டும் விட்டிரு."

அம்மா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "கேக்கும் இவனுவளே கொண்டு போவானுவ, கதவும் இவனுவளே கொண்டு போவானுவ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கிருபாபாய் என்று பெயர் வைத்துக்கொண்டு இவ்வளவு கோபம் அவளுக்குள் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

எனக்கு யார்மேல் அதிகக் கோபம் என்று பிரிக்கத் தெரியவில்லை. அவன்மேல், அப்பாமேல், அந்த எழுத்தர்மேல். புகார் எழுதிய அன்று வீட்டுக்கு வந்து, நல்ல காரியம் செய்தேன் என்று நிம்மதியாகத் தூங்கிய என்மேல்.

ஒரு வக்கீலைப் பார்த்தேன். குற்றம் செய்தவன் இந்தப் பக்கத்து ஆள், பெயரும் விலாசமும் இருக்கிறது என்றால் எங்கள் ஸ்டேஷன் தட்டிக்கழிக்க முடியாதாம். நான் பார்த்தவற்றை, அந்த நெற்றியை, அவன் சொன்னதை, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். கொடுக்கவில்லை. நிரோ வேண்டாம் என்றால் கிழித்துவிடுவேன். நீ வேண்டாம் என்றாலும். இந்த முறை கேட்டுவிட்டுத்தான்.

மன்னிப்புக் கேட்டால் உனக்கு எரிச்சல் வரும். அதனால் கேட்கவில்லை.

ஜிஜா


முகாம்
2 ஏப்ரல்

ஜிஜா,

உன் கடிதத்தை நிரோவிடமே கொடுத்துவிட்டேன். படித்தாள். அவள் பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். நடுவில் நடந்ததை முதலில் கேள்.

மாதா மாதம் எங்களை எண்ணுவார்கள் என்று உனக்குத் தெரியும். அதிகாரி மைதானத்தில் மேசை போட்டு உட்காருவார். குடும்பம் குடும்பமாக அட்டையோடு முன்னால் போய் நிற்க வேண்டும். சுகமில்லாதவர்களையும் நாற்காலியில் வைத்துத் தூக்கி வருவோம். அன்றைக்கு நிற்காதவர் இல்லாதவர். முகாம் பதிவேட்டிலிருந்து பெயர் போய்விடும். எனக்கு நினைவு தெரிந்து ஒருவரும் அந்த வரிசைக்குப் போகாமல் இருந்ததில்லை.

போன வாரம் எண்ணுகிற நாள். மேசை போட்டார்கள். ஆண்கள் வந்து நின்றார்கள். பெண்கள் ஒருத்தியும் வரவில்லை. நாங்கள் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கக்கூஸ் முன்னால் வரிசையாக நின்றோம். இது மங்களேஸ்வரி அக்காவின் யோசனை. எங்கள் வரிசையில் கடைசி வீட்டுக்காரி, கைக்குழந்தையோடு மன்னாரிலிருந்து வந்தவள், இத்தனை வருடத்தில் அதிகாரிகளிடம் "ஓம் ஐயா" தவிர வேறு எதுவும் பேசியறியாதவள்.

அதிகாரி ஆள் அனுப்பினார். நாங்கள் நகரவில்லை. கடைசியில் அவரே மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்ன நாடகம் இது? எல்லாரும் மைதானத்துக்கு வாங்க. இல்லன்னா பேர வெட்டிருவேன்."

"வெட்டுங்கோ ஐயா" என்றாள் அக்கா. "நாங்கள் ஒரு இடமும் போகேல்ல. இங்கதான் நிக்கிறம். எண்ணுறதெண்டா இங்க வச்சு எண்ணுங்கோ."

"கதவுக்கு எஸ்டிமேட் போட்டாச்சு. மேல போயிருக்கு."

"நல்லது. அது வரும்வரைக்கும் நீங்கள் ஒருக்கா உள்ள போயிட்டு வாங்கோ. நாங்கள் இவ்வளவு பேரும் இதில நிக்கிறம். பாக்க மாட்டம்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும். அவர் முகம் சிவந்துவிட்டது. வாசலில் நின்ற போலீஸ்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா மைதான வரிசையில் எங்கள் வீட்டுக்காகத் தனியாக நின்றவர், மெதுவாக நடந்து வந்து எனக்குப் பின்னால் நின்றார். அவருக்குப் பயம் போகவில்லை. மூச்சு வாங்கியது கேட்டது. ஆனால் வந்தார்.

அதிகாரி அங்கேயே நின்று எங்களை எண்ணினார். கட்டைச் சுவரில் தாளை வைத்து, ஒவ்வொரு பெயராக.

கதவுகள் வந்தன. உன் சபைக் கதவு அல்ல, அரசாங்கத்துத் தகரக் கதவு. பொருத்தியவர்கள் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வைத்துவிட்டுப் போனார்கள். வேண்டுமென்று செய்யவில்லை. எங்களுக்குச் செய்யும் எதிலும் அவர்கள் கைக்குத் தாழ்ப்பாள் வெளியேதான் வருகிறது. அப்பா அத்தனையையும் கழற்றி உள்பக்கம் மாற்றினார். கேட் சாவி இரண்டு. ஒன்று மங்களேஸ்வரி அக்காவின் இடுப்பில் இருக்கிறது.

இதை வெற்றி என்று நினைக்காதே. எனக்கு வெளியே போக அனுமதி இல்லை. வாராவாரம் விசாரணைக்குப் போய் உட்கார வேண்டும். வேறு முகாமுக்கு மாற்றும் பேச்சு இன்னும் முடியவில்லை. கேமராவும் எங்களைப் பார்த்தபடிதான் இருக்கிறது.

இனி நிரோவின் பதில். நீ எழுதி வைத்ததைக் கிழிக்க வேண்டாமாம். ஆனால் நீ கொடுக்கவும் வேண்டாமாம். அவளே வந்து அவள் வாயால் பெயரைச் சொல்வாள். அதற்குப் பிறகு நீ உன்னுடையதைக் கொடு. எல்லை தாண்டிப் போய்ப் புகார் கொடுக்க அனுமதி கேட்டு மனுப் போட்டிருக்கிறோம். சிரிக்காதே. கையைப் பிடிக்க அவனுக்கு எந்த அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. சொல்ல எங்களுக்கு வேண்டியிருக்கிறது. அவன் விமானம் ஏறுவதற்குள் அது கிடைக்கட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

கிடைக்கிற அன்று ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் உன் சித்தப்பா வீடு வரும். உன் அப்பா வாசலில் நிற்கலாம். அந்த இடத்தில் நீ எங்களுக்கு முன்னால் போகாதே, எங்களுக்காகப் பேசாதே. நிரோவின் பக்கத்தில் நட.

உன்மேல் கோபம் தீரவில்லை. தீர்ந்ததும் சொல்கிறேன்.

நேற்று சாயங்காலம், வெயில் இறங்கிய பிறகு, நிரோ பானையிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு நின்றபடியே முழுவதையும் குடித்தாள். அப்புறம் இன்னொரு செம்பு.

துஷி